ஓவியர் வாங்கிய வீடு



வீட்டைக் கட்டிப்பார், கலியாணத்தைச் செய்துபார் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். போட்ட கணக்கு இவ்விரண்டிலும் ஒருபோதும் ஒத்துவருவதில்லை என்பது அதன் பொருள். வீடு கட்டுவதைப் பற்றி இவ்வாறு எச்சரித்தவர்கள், கட்டிய வீடொன்றை விலைகொடுத்து வாங்குவதைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லாது விட்டனர் என்று நான் எண்ணிப்பார்ப்பதுண்டு. அக்காலத்திலே வீடு பெரும்பாலும் சந்தைப் பொருளாக இருக்கவில்லை. அது முதுசமாக வந்தது. அல்லது சீதனமாக வந்தது. இன்றோ, உத்தியோகத்தின் பொருட்டு ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பங்கள் எத்தனையோ. வாடகை வீட்டிலே காலத்தைக் கழிப்பதா, கடன்பட்டேனும் ஒரு வீட்டை வாங்குவதா என்ற கேள்வி அவர்கள் உறக்கத்தைக் கெடுக்கின்றது. இன்று வாங்காவிடின் என்றுமே வாங்க இயலாது என்கிறார் ஒருவர். சற்றுப் பொறுங்கள், விலை இறங்கப்போகிறது என்கிறார் மற்றொருவர். இருவரும் ஒரே தேநீர்க் கடையில் ஒரே மேசையில் இருந்துகொண்டுதான் இதனைச் சொல்கின்றனர்.

இந்தக் கேள்விக்கு வரலாறு விடை கூறுமா? நாளைய விலையை வரலாறு கூறாது. ஆயினும் நம்மைப்போலவே நிலையற்ற காலத்தில் நின்று, வாங்குவதா விடுவதா என்று தடுமாறிய மனிதர்களை அது நமக்குக் காட்டும். அவர்களுள் ஒருவரின் கதையை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகின்றேன். அவர் உலகம் போற்றும் ஓவியர். பெயர் ரெம்பிரான்ட். இடம், ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரம். காலம், பதினேழாம் நூற்றாண்டு.

ஒல்லாந்தர் என்றவுடன் கோட்டைகளும் கறுவாவும் நம் நினைவுக்கு வருகின்றன. அந்தக் கறுவாவையும் மிளகையும் விற்றுச் செழித்த நகரந்தான் அம்ஸ்டர்டாம். அது சேற்று நிலத்திலே எழுந்த நகரம். நீண்ட மரக்கம்பங்களை ஆழமாக இறக்கி, அவற்றின்மேல் அத்திவாரம் இட்டே அங்கு வீடு கட்டவேண்டும். நகரத்துச் செல்வம் பெருகப் பெருக மக்கள் வந்து குவிந்தனர், நிலம் போதாதாயிற்று. 1610களிலே நகரத்தைச் சுற்றிப் புதிய வாய்க்கால்களை வெட்டி, அவற்றின் கரையிலே மனைகளைப் பிரித்து விற்றனர். வீடுகளையும் மனைகளையும் ஏலத்தில் விற்கும் வழக்கமும் அங்கு வேரூன்றியது. அந்த ஏலம் விந்தையானது. முதலில் விலையை ஏற்றிக் கேட்பார்கள். அதிகம் கேட்டவருக்கு ஒரு சிறு வெகுமதி உண்டு. அதன்பின் அதற்கும் மேலான ஒரு விலையிலிருந்து படிப்படியாக இறக்கிக்கொண்டு வருவார்கள். எவர் முதலில் "என்னுடையது" என்று குரல் கொடுக்கின்றாரோ அவருக்கே வீடு உரியதாகும். சற்றுத் தாமதித்தால் மலிவாகக் கிடைக்கும். மிகத் தாமதித்தால் பிறர் கைக்குப் போய்விடும். வீடு வாங்க நினைப்பவரின் மனப்போராட்டம் முழுவதையும் அந்த ஏலமேடை ஒரு சில நிமிடத்திற்குள் அடக்கிவிட்டது எனலாம்.

ரெம்பிரான்ட் 1606ஆம் ஆண்டு லைடன் நகரில் பிறந்தவர். 1630களின் தொடக்கத்தில் அம்ஸ்டர்டாமுக்கு வந்து, விரைவிலே புகழ் பெற்றார். 1634ஆம் ஆண்டில் சாஸ்கியா என்னும் வசதியான குடும்பத்துப் பெண்ணை மணந்தார். தம் உருவத்தை அவர் கையால் எழுதுவித்துக்கொள்ளச் செல்வர்கள் காத்திருந்தனர். மாணவர்கள் பணம் செலுத்தி அவரிடம் பயின்றனர். வருவாய்க்குக் குறைவில்லை. 1639ஆம் ஆண்டு ஜனவரி மாதம், தமது முப்பத்திரண்டாவது வயதில், அவர் ஒரு வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தார். விலை 13,000 கில்டர். அக்காலத்தில் தேர்ந்த தொழிலாளி ஒருவர் ஆண்டு முழுவதும் உழைத்தால் ஏறக்குறைய 300 கில்டர் பெறுவார் என்பதை நினைவிற்கொண்டால், அத்தொகையின் பெருமை விளங்கும். நாற்பது ஆண்டு உழைப்பிலும் கூடியது அது.

அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளைச் சற்று ஊன்றிக் கவனிக்க வேண்டுகின்றேன். விலையின் காற்பங்காகிய 3,250 கில்டரை மூன்று தவணையாகச் செலுத்தவேண்டும். 1639 மே மாதத்தில் 1,200. அதே ஆண்டு நவம்பரில் 1,200. மறு ஆண்டு மே மாதத்தில் 850. இதுவரை எல்லாம் திட்டவட்டமாக உள்ளது. எஞ்சிய முக்காற்பங்கோ? அதனை அடுத்த ஐந்து அல்லது ஆறு ஆண்டுகளுக்குள், வாங்குபவர் தமக்கு வசதியானபோது, வட்டியோடு கொடுத்துத் தீர்க்கலாம். விற்றவர்கள் தாராள மனம் படைத்தவர்கள் என்று நமக்குத் தோன்றும். ரெம்பிரான்டுக்கும் அவ்வாறே தோன்றியிருத்தல் வேண்டும். ஆனால் "வசதியானபோது" என்ற இனிய சொல்லே பிற்காலத்தில் அவரது கழுத்தைச் சுற்றியது.

அவர் வாங்கிய காலத்தில் அந்த முடிவைப் பிழையென்று எவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வீடு நல்ல தெருவில் இருந்தது. ஓவியர்களும் ஓவிய வணிகர்களும் வாழ்ந்த தெரு அது. பத்தாண்டுக்கு முன்னரே புதுக்கிக் கட்டப்பட்டிருந்தது. ஓவியம் எழுதப் பெரிய அறையும், மாணவருக்கு மேல்மாடமும் அங்கிருந்தன. எனவே அது வெறும் வீடன்று, தொழிற்சாலையுமாகும். வருவாயும் ஏறுமுகமாயிருந்தது. இவ்வளவும் சரியே. ஆனால் அவர் தமது நாளைய வருவாய் இன்றையதைப் போலவே இருக்கும் என்று எண்ணினார். எல்லா மனிதரும் அப்படித்தான் எண்ணுகின்றனர்.

மூன்றாண்டு கழிந்தது. 1642ஆம் ஆண்டில் சாஸ்கியா இறந்தார். அவர் தமது சொத்துப் பங்கைக் குழந்தையாயிருந்த மகன் டைட்டசுக்கு எழுதிவைத்து, அதன் அனுபோகத்தை மட்டும் கணவருக்கு விட்டார். கணவர் மறுமணம் செய்தால் அந்த அனுபோகமும் அற்றுப்போகும். "இராக் காவல்" என இன்று உலகம் அறியும் பேரோவியத்தை ரெம்பிரான்ட் முடித்ததும் அதே ஆண்டில்தான். அதன்பின் மக்களின் சுவை மாறத் தொடங்கியது. மெருகும் பளபளப்பும் மிக்க ஓவியங்களைச் செல்வர் விரும்பினர். இவரோ தம் வழியிலேயே நின்றார். வந்த பணத்தைப் பழைய ஓவியங்களும், சிற்பங்களும், அரும்பொருள்களும் வாங்குவதிற் செலவிட்டார். ஆறாண்டு கடந்தது, பத்தாண்டும் கடந்தது. வீட்டுக் கடனோ தீரவில்லை. ஒரு கட்டத்தில் வட்டியைக் கொடுப்பதும் நின்றது.

1652ஆம் ஆண்டில் இங்கிலாந்துக்கும் ஒல்லாந்துக்கும் கடற்போர் மூண்டது. கப்பல்கள் துறைமுகத்திலே முடங்கின. அம்ஸ்டர்டாமில் பணம் அருகியது. பணம் அருகிய காலத்தில் கடன் கொடுத்தவர்கள் பொறுமை இழப்பது உலக வழக்கு. பதின்மூன்று ஆண்டு பொறுத்திருந்த வீட்டுக்காரர், 1653ஆம் ஆண்டு பெப்ரவரியில் கணக்கை அனுப்பினார். வட்டியும் வரியும் உட்பட 8,470 கில்டர் நிலுவை. ரெம்பிரான்ட் என்ன செய்தார்? பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்கினார். ஒரு நண்பரிடம் 1,000. நகரப் பிரமுகர் ஒருவரிடம் 4,180. வணிகர் ஒருவரிடம் 4,200. கூட்டிப் பார்த்தால் 9,380 கில்டர். வீட்டுக் கடனைத் தீர்க்க எழுந்த தொகை வீட்டுக் கடனிலும் பெரிதாயிற்று. ஒரு கடன்காரர் இருந்த இடத்தில் இப்போது மூவர். இவ்வளவுக்கிடையில் அயல்வீட்டுக்காரர் தமது வீட்டை உயர்த்திக் கட்டத் தொடங்கவே, பொதுச்சுவர் பற்றிய செலவும் பிணக்கும் வேறு வந்து சேர்ந்தன.

1656ஆம் ஆண்டு ஜூலையில் அவர் தமது சொத்துகளைக் கடன்காரர் பொருட்டு நீதிமன்றத்திடம் ஒப்படைத்தார். அதிகாரிகள் வீட்டுக்குள் வந்து அறை அறையாகப் பொருள்களைப் பதிந்தனர். அந்தப் பட்டியலில் 363 பதிவுகள் உள. ஓவியங்களோடு பழைய தலைச்சீராக்களும், சிப்பிகளும், சமையலறைச் சாமான்களும் அதில் இடம்பெறுகின்றன. அந்தப் பட்டியல் இருப்பதனாலேயே அவர் வீட்டில் எந்த அறையில் எப்பொருள் இருந்தது என்பதை இன்று நாம் அறிகின்றோம். ஒரு மனிதரின் வீழ்ச்சியைக் குறித்த தாள், பின்னாளில் வரலாற்று ஆசிரியருக்குப் புதையலாயிற்று.

1658ஆம் ஆண்டு பெப்ரவரியில் வீடு ஏலத்திற்கு வந்தது. கிடைத்த விலை 11,218 கில்டர்.

நேயர்களே, இங்கே சற்று நிற்போம். 13,000 கில்டருக்கு வாங்கிய வீடு 11,218 கில்டருக்குப் போனது. இழப்பு 1,782 கில்டர். அதாவது விலையில் ஏழிலொரு பங்குக்கும் சற்றுக் குறைவு. பத்தொன்பது ஆண்டு குடியிருந்து, அத்தனை மாணவரைப் பயிற்றி, அத்தனை ஓவியங்களை ஆக்கிய வீட்டிற்கு இது பேரிழப்பன்று. வீட்டின் விலை வீழ்ந்ததனால் ரெம்பிரான்ட் அழிந்தார் என்று சொல்வதற்கில்லை. விலை வீழாதிருந்தாலும் அவர் அழிந்தே இருப்பார். அவரை வீழ்த்தியது சந்தையின் நிலையாமை அன்று. தமது கைவருவாயின் நிலையாமையை அவர் கணக்கில் எடாமையே. வீடு வாங்க நினைப்போர் எல்லாரும் சந்தையைப் பார்த்தே அஞ்சுகின்றனர். அஞ்சவேண்டிய இடம் வேறொன்றும் உண்டு.

அதன்பின் ரெம்பிரான்ட் நகரின் மறுபக்கத்தில் எளியோர் வாழும் பகுதியிலே ஒரு வாடகை வீட்டிற் குடியேறினார். அவரோடு வாழ்ந்த ஹென்றிக்கே என்னும் பெண்மணியும் மகன் டைட்டசும் 1660ஆம் ஆண்டில் ஒரு ஓவிய வாணிபத்தைத் தொடங்கி, அவரை அதன் ஊழியர்போல் அமர்த்தினர். அவர் வரைவனவற்றைக் கடன்காரர் பறிக்காமற் காப்பதற்கு அது வழியாயிற்று. 1669ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அவர் காலமானார். அவரது தலைசிறந்த ஓவியங்களிற் பல, அந்த வாடகை வீட்டிலிருந்த காலத்தில் எழுந்தவை. சொந்த வீடு இல்லையே என்று மனம் குன்றுவோர் இதனையும் நினைவிற் கொள்ளலாம். அவர் இழந்த வீட்டை 1906ஆம் ஆண்டில் அம்ஸ்டர்டாம் நகரம் வாங்கி, 1911ஆம் ஆண்டில் நூதனசாலையாகத் திறந்தது.

இது ஒரு வீட்டின் கதை. ஒரு தெருவின் கதையும் உண்டு. அம்ஸ்டர்டாமில் ஹேரன்கிராக்ட் என்பது பெருஞ்செல்வர் வாழ்ந்த வாய்க்கால் தெரு. அங்கு நடந்த வீட்டு விற்பனைகள் தலைமுறை தலைமுறையாகப் பதிவேடுகளிற் பதியப்பட்டுள்ளன. பீட் ஐக்கோல்ட்ஸ் என்னும் ஒல்லாந்தப் பொருளியலாளர், அங்கே ஒரே வீடு மீண்டும் மீண்டும் விற்கப்பட்டபோதெல்லாம் கிடைத்த விலைகளைத் திரட்டி, 1628 முதல் 1973 வரையான விலைக் கணக்கொன்றை 1997ஆம் ஆண்டில் வெளியிட்டார். முந்நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள்! உலகில் இத்துணை நீண்ட வீட்டுக் கணக்கு அரிது. அதன் முடிவு யாது? பொருள்களின் பொது விலையேற்றத்தைக் கழித்துப் பார்த்தால், அவ்வளவு நெடுங்காலத்திலும் அத்தெருவின் வீடுகள் ஏறத்தாழ இரண்டு மடங்கு விலையே ஏறியிருந்தன. நாட்டின் மிகச் சிறந்த தெருவிலேயே ஏற்றம் இவ்வளவுதான். "காணியும் வீடும் ஒருநாளும் நட்டம் வராது" என்று அடித்துப் பேசுவோர் இதனை எண்ணிப்பார்த்தல் நன்று.

அந்த ஏற்றமும் நேர்கோட்டில் வரவில்லை. 1672ஆம் ஆண்டை ஒல்லாந்தர் பேரழிவின் ஆண்டு என்பர். பிரான்சும் இங்கிலாந்தும் ஜெர்மனியக் குறுநில ஆட்சியாளர் இருவரும் ஒருசேரப் பகைத்தெழுந்தனர். பகைவரைத் தடுக்க ஒல்லாந்தர் தமது வயல்களையே நீரில் மூழ்கடித்தனர். அம்ஸ்டர்டாமில் வீட்டு விலை பெரிதும் சரிந்தது. நகர விரிவாக்கத்திற்கெனப் பிரித்த மனைகளை வாங்க ஆளில்லை. நகரத்தின் கிழக்கிலே வீடுகள் எழவேண்டிய இடம் பூந்தோட்டங்களாக மாறியது. ஆயின், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பாதியில் விலை மீண்டும் ஏறியது. 1672இல் விற்கவேண்டிய நிர்ப்பந்தம் இல்லாதிருந்தவர் பிழைத்தார். அதே வீட்டை, அதே ஆண்டில், கடன்காரர் பொருட்டு விற்க நேர்ந்தவர் அழிந்தார். இருவருக்கும் சந்தை ஒன்றே.

ஏறிய விலை மீண்டும் இறங்கியது. நாட்டின் வாணிபம் தளர்ந்தது. 1795இல் பிரெஞ்சுப் படை புகுந்தது. 1810இல் நாடு பிரான்சோடு இணைக்கப்பட்டு, அரசாங்கக் கடனுக்குரிய வட்டி மூன்றிலொன்றாகக் குறைக்கப்பட்டது. வட்டியை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் வறுமையுற்றன. நகரத்தின் குடிசனத்தொகை ஏறத்தாழ 2,20,000 என்பதிலிருந்து 1,80,000 அளவுக்கு இறங்கியது. வரியும் பழுதுபார்க்கும் செலவும் தாங்காது, கல்லுக்கும் மரத்துக்குமாக வீடுகளை இடித்து விற்றனர். முன்னர் "என்னுடையது" என்று முந்திக் குரல் கொடுத்த நகரம் அது.

நேயர்களே, ரெம்பிரான்டின் வீடு ஏலம்போன 1658 பெப்ரவரிக்கு நான்கு மாதத்தின்பின், ஜூனில், யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. தமது நகரத்தில் ஒவ்வொரு வீட்டு விற்பனையையும் ஏட்டிற் பதிந்த அதே மக்கள், இங்கும் காணிகளைத் தோம்பிற் பதிந்தனர். போர்த்துக்கேயர் தொடங்கியதை இவர்கள் விரிவாக்கினர். நமது பழைய உறுதிகளிலே தோம்பு என்ற சொல்லைக் கண்டிராதவர் யாழ்ப்பாணத்தில் அரியர். 1707ஆம் ஆண்டளவில், திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு முதலியார்கள் அதனை ஆராய்ந்து ஏற்றனர். அதுவே தேசவழமை. 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுவளித்தனர்.

அத்தொகுப்பிலே வீடு, காணி வாங்குவோருக்குப் பயன்படும் செய்திகள் இரண்டைக் கூறுவேன். ஒன்று, விற்பனையை முன்னறிவித்தல். காணியை விற்க நினைப்பவர் அந்த எண்ணத்தைத் தமது கோயிற்பற்றிலே மூன்று ஞாயிற்றுக்கிழமை தொடர்ந்து பறைசாற்றுதல் வேண்டும். உரிமைப் பங்காளரோ, ஈடு வைத்திருக்கும் அயலவரோ முன்வந்து தம் வழக்கைச் சொல்லுதற்கு அது தவணை. வாங்குபவருக்கும் அது காப்பு. மூன்று ஞாயிறு பொறுத்தவர், வழக்கொன்றைச் சேர்த்து வாங்காமல் தப்பினார். இரண்டாவது, ஒற்றி. பணம் தேவைப்பட்டவர் காணியை அறுதியாக விற்காது ஒற்றியாக வைத்தார். கடன் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக விளைவை அனுபவித்தார். மீட்பதற்கும் பயிரின் பருவம் பார்த்தே தவணை வகுக்கப்பட்டது. விளைவு குறைந்த ஆண்டிலே கடன் கொடுத்தவரின் வருவாயும் குறைந்தது. கடன் வாங்கியவரின் சுமை கூடவில்லை. நிலையற்ற காலத்தின் பாரத்தை இருவரும் பகிர்ந்துகொண்டனர். இன்றைய வங்கிக் கடனிலே அந்தப் பாரம் யார் தலையில் என்பதே வாங்குபவர் கேட்கவேண்டிய முதற் கேள்வி.

இதனை நான் ஏட்டுக் கல்வியாக மட்டும் சொல்லவில்லை. பாடசாலை அதிபராகிய நான், இடமாற்றத்தோடு இடமாற்றமாக வாடகை வீடுகளிலேயே காலங்கழித்தவன். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நானும் என் மனைவியும் நகரத்தின் அயலில் ஒரு வீட்டைப் பார்த்தோம். கிணறும் இரண்டு மாமரமும் உள்ள வளவு. விலையில் முக்காற்பங்குக்குக் கடன் தர வங்கியொன்று இசைந்தது. வட்டி வீதம் குறைவாக இருந்தது. ஆனால் காலத்துக்குக் காலம் மாறும் என்று ஒரு வரி எழுதியிருந்தது. மாதாந்தத் தவணை என் சம்பளத்திற் பாதிக்குச் சற்றுக் குறைவு. "இந்த வட்டி இரண்டு மடங்கானால் எதைச் சாப்பிடுவது?" என்று என் மனைவி கேட்டார். அவ்வாறு ஆகாது என்றேன். வரலாறு படித்தவன் நான். அவர் கணக்கு ஆசிரியை. கணக்கே வென்றது. முன்பணம் கொடாது திரும்பினோம். அன்று எனக்கு மனவருத்தமே மிகுதியாக இருந்தது.

2022ஆம் ஆண்டு ஏப்ரலில், மத்திய வங்கியின் கடன் வழங்கல் வீதம் ஒரே நாளில் 7.5 வீதத்திலிருந்து 14.5 வீதமாக உயர்த்தப்பட்டது. அதே மாதத்தில் நாடு தனது வெளிநாட்டுக் கடனைச் செலுத்துவதை நிறுத்தியது. அந்த வீதம் 2023 மார்ச்சில் 16.5 வரை ஏறியது. நாங்கள் அந்த வீட்டை வாங்கியிருப்பின், "வசதியானபோது" என்ற சொல் ரெம்பிரான்டுக்குச் செய்ததை, "காலத்துக்குக் காலம் மாறும்" என்ற சொல் எங்களுக்குச் செய்திருக்கும்.

ஆயினும், காத்திருந்தவன் வென்றான் என்று சொல்லி முடிப்பது நேர்மையாகாது. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நகரப் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தைத் தொட்டது. நாங்கள் முப்பதாண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் வங்கியிலே தூங்கிக்கொண்டிருக்கையில் கரைந்தது. தொகை குறையவில்லை, அதனால் வாங்கத்தக்கது குறைந்தது. சீமெந்தும் ஓடும் மரமும் விலையேறின. வாங்கியவருக்கு வட்டி என்ற துன்பம். வாங்காதவருக்குத் தேய்வு என்ற துன்பம். நிலையற்ற சந்தையிலே துன்பமற்ற வழி என்று ஒன்றில்லை. எந்தத் துன்பத்தை நம் குடும்பம் தாங்கி நிமிரும், எது நம்மை வீட்டைவிட்டே வெளியேற்றும் என்று பிரித்தறிவதே செய்யத்தக்கது. தேய்வு எங்களை ஏழையாக்கியது. வட்டியோ எங்களைத் தெருவில் விட்டிருக்கும்.

வட்டி இறங்கியபின், 2024ஆம் ஆண்டில் ஒரு சிறிய வீட்டை வாங்கினோம். மாமரம் இல்லை, கிணறு பொதுக் கிணறு. விலையிற் பெரும்பங்கு எங்கள் சேமிப்பு, கடன் சிறுபங்கு. நான் ஓய்வுபெறுமுன் அக்கடன் தீர்ந்துவிடும். ஓய்வூதியத்தை நம்பி ஒரு சதமும் கடன்படவில்லை. வாங்குமுன் நொத்தாரிசு மூலம் காணிப் பதிவகத்திலே முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தேடுவித்தோம். மூன்று ஞாயிறு என்ற பழைய வழக்கத்துக்கு இன்று ஈடானது அதுவே. தரகர் அவசரப்படுத்தினார். இன்னொருவர் வாங்கக் காத்திருக்கிறார் என்றார். அப்படியாயின் அவருக்கே கொடுங்கள் என்றேன். அந்த இன்னொருவர் இன்றுவரை வரவில்லை.

வீட்டை வெறும் விலையாக மட்டும் நோக்குவதும் தவறு என்பதை நான் மறக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஒரே இரவில் ஊர்விட்டு நடந்தபோது, என் தந்தையார் ஒரு தகரப்பெட்டியை மாத்திரம் கையிலெடுத்தார். அதிலே வீட்டின் உறுதி இருந்தது. பல ஆண்டுகளின் பின் திரும்பிச் சென்றபோது கூரையில்லை, கதவில்லை, நிலையில்லை. சந்தையிலே அந்தச் சுவர்களுக்கு ஒரு விலையும் இல்லை. தந்தையார் வாசற்படியிருந்த இடத்தில் அமர்ந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டே உள்ளே சென்றார். அந்த வீட்டின் பெறுமதியை எந்த ஏலமேடையில் அறிவது?

ஆதலால், வாங்குங்கள் என்றோ வாங்காதீர்கள் என்றோ நான் கூறவரவில்லை. விலை ஏறுமா இறங்குமா என்று பிறரைக் கேட்பதற்கு முன், நம்மை நாமே கேட்கவேண்டிய கேள்விகள் சில உள. உழைப்பவர் நோயுற்றால் தவணையை யார் கட்டுவார்? வட்டி இரண்டு மடங்கானால் அடுப்பு எரியுமா? விலை பாதியானாலும் விற்காது பொறுத்திருக்க முடியுமா? கடன் தீரும் நாள் எழுத்தில் உண்டா, அல்லது யாருடையவோ வசதியில் உண்டா? இவற்றுக்கு நேரான விடை உள்ளவருக்கு நிலையற்ற சந்தையும் ஓரளவு நிலையானதே. விடை இல்லாதவர் இன்னும் சிலகாலம் வாடகை வீட்டில் இருப்பதில் இழுக்கொன்றுமில்லை. உலகம் போற்றும் ஓவியர் தமது கடைசிக் காலத்தில் அவ்வாறே இருந்தார். அவர் கை அப்போதும் நடுங்கவில்லை.